ஒரு நாள் பண்டிகை, ஒரு மாதப் பலகாரம்

டிசம்பர் பிறந்ததும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பேக்கரிகளின் கண்ணாடி அலமாரி மாறிவிடும். பன்னும் ரஸ்க்கும் இருந்த தட்டில் பிளம் கேக் ஏறும். புதுச்சேரி இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கே வேலைக்குப் போய்வருகிறவர்கள் முந்திரியும் உலர்திராட்சையும் ரம் வாசனையும் சேர்ந்த கேக்கை வாங்கி வருவார்கள். வீட்டில் மைதா பிசைந்து கலகலா போடுவதும், பரணிலிருந்து அச்சு முறுக்கு அச்சை இறக்குவதும், அதிரசத்துக்குப் பாகு வைப்பதும் மாதத்தின் நடுவில் தொடங்கும். இரவில் கேரல் குழு வரும். வருகிறவர்களுக்குக் கேக்கும் டீயும் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவரும் கூடவே ஒரு துண்டு எடுத்துக்கொள்வார். பள்ளியில் ஒரு விழா, அலுவலகத்தில் ஒரு விழா, அன்பியம் எனும் பங்குக் குழுவின் கூட்டத்தில் ஒரு விழா என்று 25ஆம் தேதி வருவதற்குள்ளேயே ஏழெட்டுக் கிறிஸ்துமஸ் முடிந்திருக்கும்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்கள் இந்த மாதத்தில் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "இந்த வருஷம் வாயைக் கட்டிடணும்" என்று நவம்பர் கடைசியில் சொல்வார்கள். டிசம்பர் பத்தாம் தேதி கட்டு அவிழ்ந்துவிடும். பிறகு "நமக்கு மன உறுதி இல்ல" என்று தங்களையே நொந்துகொள்வார்கள். இந்த நோதல் தேவையற்றது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். பண்டிகைப் பலகாரத்தின் முன்னால் நாம் தளர்ந்துபோவதற்கு உடம்பிலும் வீட்டிலும் வரலாற்றிலும் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அவை தெரிந்தால், கிறிஸ்துமஸ் அன்றைக்கு மனம் நிறையச் சாப்பிட்டுவிட்டு மற்ற முப்பது நாட்களைக் காப்பாற்றிக்கொள்ள வழி உண்டு. காப்பாற்ற வேண்டியது அந்த முப்பது நாட்களைத்தான்.

கூழுக்கு நடுவே ஒரு விருந்து

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் சமயப் பின்னணி ஒன்றல்ல. கத்தோலிக்கர்கள் புதுச்சேரி–கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை, டேனிஷ் மிஷனரிகளின் பணியிலிருந்து வளர்ந்தது. திண்டிவனம் அமெரிக்க ஆற்காடு மிஷனின் ஊர்களில் ஒன்று. ஸ்கடர் குடும்பத்தார் அங்கே மருத்துவம் பார்த்தார்கள். 1890இல் நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்த ஐடா ஸ்கடரின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று கணவன்மார்கள் தட்டினார்கள். மூவரின் மனைவியருக்கும் பிரசவம் சிக்கலாகியிருந்தது. ஆண் மருத்துவரான ஐடாவின் தகப்பனாரை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க அனுப்பியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அதிலிருந்து பிறந்தது.

சாப்பாட்டைப் பற்றிய கட்டுரையில் ஐடாவுக்கு என்ன இடம் என்றால், அவருடைய இளமையில் இன்னொரு நினைவும் இருந்தது. 1876–78 பஞ்சத்தின்போது அவர் சின்னக் குழந்தை. பட்டினியால் துவண்ட பிள்ளைகளின் வாயில் ரொட்டியைப் பிய்த்து வைத்ததை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கையை நீட்டி வாங்கிச் சாப்பிடவும் தெம்பில்லாத பிள்ளைகள். சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேரைக் கொண்டுபோன பஞ்சம் அது. அதைத் தாண்டிப் பிழைத்தவர்களின் பேரப் பிள்ளைகளும் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும்தான் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் கேக் வெட்டுகிறார்கள்.

பஞ்சம் இல்லாத வருஷத்திலும் கூலி வேலை செய்த குடும்பங்களில் அன்றாடச் சாப்பாடு கேழ்வரகுக் கூழும் கம்பங்களியும்தான். நெல்லுச் சோறு நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும். கறி அதைவிட அரிது. அப்படிப்பட்ட வீட்டில் கிறிஸ்துமஸ் அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டதில் ஒரு பிழையும் இல்லை. கிடைத்தபோது சேமித்துக்கொள்ளும் உடம்புதான் அடுத்த வறட்சியைத் தாண்டும். எண்ணெயையும் இனிப்பையும் கண்டால் நாக்கு ஊறுவது அந்தச் சேமிப்பின் முதல் படி. இந்த ஆசையை இழிவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம்மைப் பிழைக்க வைத்தது அது.

இப்போது மாறியிருப்பது பண்டிகைக்கு வெளியே உள்ள நாட்கள். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். பசி குறைந்தது, கொண்டாட வேண்டிய மாற்றம் அது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நெடுஞ்சாலை ஓரத்தில் எந்த நாளும் பிரியாணி கிடைக்கும். கூழ் இருந்த இடத்தில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறோ இட்லியோ பரோட்டாவோ வந்துவிட்டது. விருந்து அப்படியே இருக்க, அதைச் சமன் செய்த எளிய சாப்பாட்டு நாட்கள் காணாமல் போயின.

திருச்சபைக்குள்ளும் இதேபோல ஒன்று நடந்திருக்கிறது. மேற்கத்தியத் திருச்சபையில் ஒரு காலத்தில் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை நோன்பு இருந்தது. இன்று கத்தோலிக்கச் சட்டப்படி கட்டாய உண்ணாநோன்பு விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். திருவருகைக் காலத்தின் ஊதா அங்கியும் நான்கு மெழுகுவர்த்திகளும் மிஞ்சியிருக்கின்றன, நோன்பு போய்விட்டது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமோ டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. கறி, மீன், முட்டை இல்லாமல் இருந்துவிட்டுக் கிறிஸ்துமஸ் காலையில் நோன்பு முறிப்பார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், உடம்புக்கும் அதில் நல்ல கணக்கு இருக்கிறது. விருந்துக்கு முன்னால் காத்திருப்பு. அதனால் விருந்துக்கு ருசி.

நம் உடம்புக்கு ஏன் கூடுதல் கேடு

ஐரோப்பியர் ஒருவர் சாப்பிடும் அதே கேக் நமக்குக் கூடுதலாகக் கெடுதல் செய்கிறது. புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். இந்தியக் குழந்தைகள் எடை குறைவாக, மெலிந்து பிறந்தாலும் உடம்பில் கொழுப்பின் பங்கு ஒப்பீட்டளவில் அதிகமாகவும் தசையின் பங்கு குறைவாகவும் இருந்தது. ரத்தத்தில் சேரும் சர்க்கரையை எடுத்துச் செலவழிப்பதில் தசைக்குத்தான் பெரும்பங்கு. அது குறைவாக இருக்கிற உடம்பில் சர்க்கரை சீக்கிரம் ஏறும், மெதுவாக இறங்கும். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பட்டினி கிடந்த கர்ப்பிணிகளின் பிள்ளைகளை அரை நூற்றாண்டு கழித்துச் சோதித்தபோது, அவர்களின் உடம்பும் சர்க்கரையைச் சரிவரக் கையாளவில்லை. தாயின் பசி பிள்ளையின் உடம்பில் தங்கிவிடுகிறது.

அதனால்தான் இந்தியர்களுக்கு உடல் பருமன் அளவுகோலே வேறு. உடல் நிறை எண் 23 தாண்டினாலே எடை கூடுதல், 25 தாண்டினால் பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். நாம் கேக் வாங்கப் போகும் புதுச்சேரியிலோ 26.3 சதவீதம், நான்கில் ஒருவருக்கும் மேல்.

நாக்கு எங்கே தோற்கிறது

இயற்கையில் இனிப்பும் கொழுப்பும் ஒரே பண்டத்தில் சேர்ந்து கிடைப்பது அரிது. பழத்தில் இனிப்பு உண்டு, கொழுப்பு இல்லை. கறியில் கொழுப்பு உண்டு, இனிப்பு இல்லை. தாய்ப்பால் போன்ற சிலவற்றில்தான் இரண்டும் சேர்ந்திருக்கும். கேக், கலகலா, அதிரசம், நெய் உருண்டை என்று பண்டிகைப் பலகாரம் எல்லாவற்றிலும் மாவுச்சத்தும் சர்க்கரையும் எண்ணெயோடு சேருகின்றன. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு கலோரி உள்ள பண்டங்களைக் காட்டி, எதற்கு எவ்வளவு பணம் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். கொழுப்பு மட்டும் உள்ளதற்கும் மாவுச்சத்து மட்டும் உள்ளதற்கும் கொடுத்த விலையைவிட இரண்டும் சேர்ந்ததற்கு அதிக விலை கொடுக்க மக்கள் தயாராக இருந்தார்கள். மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதியும் அதற்குத்தான் கூடுதலாக விழித்தது. ஆக, கலகலா டப்பாவுக்கு முன்னால் கை தானாக நீள்வது உங்கள் ஒருவரின் பலவீனம் அல்ல.

இரண்டாவது காரணம் வகை. ஒரே பண்டத்தைத் தின்றால் கொஞ்ச நேரத்தில் திகட்டிவிடும். அந்தத் திகட்டல் அந்தப் பண்டத்துக்கு மட்டும்தான். பிரியாணி போதும் என்று தட்டைத் தள்ளியவர் பாயசத்தைக் கண்டதும் மறுபடி நிமிர்ந்து உட்காருவார். தட்டில் ஏழு வகை இருந்தால் ஏழு முறை பசி புதிதாகத் தொடங்கும். அக்கம்பக்கத்துக்கு அனுப்பும் பலகாரத் தட்டில் ஏழு வகையும் இருக்கட்டும், அது மரியாதை. நாம் சாப்பிட உட்காரும்போது இரண்டு வகையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் பாதிப் போராட்டம் முடிந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம் ஊரில் சொல்வார்கள். காலையில் ஒரு துண்டு கேக் தின்றாகிவிட்டது, இனிமேல் கட்டுப்பாடு எதற்கு என்று அன்று முழுவதும் தின்பது; டிசம்பர் கெட்டுவிட்டது, இனி எல்லாம் ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதம் முழுவதும் தின்பது. 1975இல் அமெரிக்காவில் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவியரிடம் இதைச் சோதித்தார்கள். முதலில் சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள். பிறகு எல்லோருக்கும் ஐஸ்கிரீமை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கட்டு எவ்வளவு இறுக்கமோ, அவிழும்போது அவ்வளவு வேகம். "கேக்கைத் தொடவே மாட்டேன்" என்ற சபதத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். "ஒரு துண்டு உண்டு, அது இந்த நேரத்தில்" என்பது நிற்கும்.

ஒரு துண்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 60 கிராம் பிளம் கேக் சுமார் 220 கலோரி. ஒரு கை நிறையக் கலகலாவும் ஏறக்குறைய அவ்வளவே. மட்டன் பிரியாணி ஒரு முழுத் தட்டு 600, 700ஐத் தொடும். அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஐம்பது, அறுபது கலோரிதான் செலவாகும். ஆகவே கேக்குத் துண்டுக்கு நாலு கிலோமீட்டர். தின்றதையெல்லாம் நடந்தே கரைத்துவிடலாம் என்ற நம்பிக்கை இந்த மாதத்தில் செல்லாது. வடகிழக்குப் பருவமழை வேறு காலை நடையைக் கெடுத்துவிடும்.

அரைக் கிலோ கணக்கு

2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு 195 அமெரிக்கர்களைப் பண்டிகைக் காலத்தில் எடை போட்டுப் பார்த்தது. அவர்கள் சராசரியாக ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டதாக நினைத்தார்கள். உண்மையில் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை சராசரியாக ஏறியது 0.37 கிலோ. நிம்மதியான செய்திதான். ஆனால் அந்த எடை அடுத்த மாதங்களில் இறங்கவில்லை. ஒரு வருஷத்தில் அவர்களுக்கு ஏறிய மொத்த எடையில் பெரும்பகுதி அந்த ஆறு வாரத்தில் ஏறியதுதான். இருபது கிறிஸ்துமஸைக் கடந்தவரின் இடுப்பில் அந்தச் சின்னக் கணக்கு என்னவாகும் என்று பாருங்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 272 பேரை வைத்து நடத்திய இன்னோர் ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு ஒரு துண்டறிக்கை மட்டும். மறு பாதியினர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். சில எளிய குறிப்புகளோடு, எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்ற பட்டியலும் கொடுத்தார்கள். பண்டிகை முடிந்தபோது இரண்டாவது குழுவினரின் எடை முதல் குழுவைவிடச் சராசரியாக 0.49 கிலோ குறைவு. பட்டினி இல்லை, மருந்து இல்லை. வாரத்தில் இரண்டு நாள் எடை பார்த்தால் "நனைந்தாகிவிட்டது" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. நனைந்தது கால் கிலோதான் என்று கண்ணுக்குத் தெரியும்.

நள்ளிரவுப் பூசையும் காலைப் பசியும்

24ஆம் தேதி இரவு ஆலயம் போய்த் திரும்ப ஒன்றரை, இரண்டு மணியாகும். வந்ததும் கேக் வெட்டி டீ. படுக்க மூன்று. பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும். காலையில் இட்லியும் கறிக்குழம்பும், மதியம் பிரியாணி, மாலையில் வருகிறவர்களோடு பலகாரம், இரவில் மிச்ச பிரியாணி. இந்த ஒரு நாளில் தூக்கம் மூன்று மணி நேரம்.

தூக்கத்துக்கும் பசிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. அவர்கள் அதிகமாகக் கேட்டது இனிப்பும் மாவுப் பண்டமும். அதனால் 24ஆம் தேதி மதியம் ஒன்றரை மணி நேரம் படுத்துத் தூங்குவது, 25ஆம் தேதி சாப்பாட்டைக் கட்டுப்படுத்த நான் அறிந்த மிக எளிய வழி. வீட்டுப் பெண்களுக்கு அந்தத் தூக்கம் கிடைப்பதில்லை என்பது வேறு வருத்தம். அரைக்கிறதையும் உரிக்கிறதையும் ஆண்கள் அன்று காலையில் எடுத்துக்கொண்டால் அதுவே சர்க்கரை நோய்க்கு மருந்து மாதிரி.

மதியம் பெரிய சாப்பாடு என்று காலையில் பட்டினி கிடப்பவர்கள் உண்டு. சாதாரண ஆளுக்கு அது மதியத்தில் கூடுதலாகச் சாப்பிட வைக்கும், அவ்வளவுதான். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பூசையில் நின்றால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி. மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால் பண்டிகைக்கு மது வாங்கி வருகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மதுவும் இந்த மருந்துகளும் சேர்ந்தால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி யாருக்கும் தெரியாமல் போகலாம். கேக் தின்னப் போகிறோம் என்று மாத்திரையைத் தானாகவே இரட்டிப்பாக்குவதும் அதே அளவு ஆபத்து. டிசம்பர் முதல் வாரத்தில் மருத்துவரிடம் ஒரு தடவை பேசிவிடுவது நல்லது.

தட்டில் எதை முதலில்

பிரியாணித் தட்டில் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் வெள்ளரிக்காயும் இருக்கும். முதலில் பச்சடியையும் வெள்ளரிக்காயையும் சாப்பிடுங்கள். பிறகு கறித்துண்டுகள். சோறு கடைசியில். காய்கறியும் புரதமும் முதலில் போனால் சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே தட்டு, அதே பண்டம், வரிசை மட்டும்தான் வேறு. வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும்; அதனால் இரண்டாவது தடவை சோறு வாங்கும் முன் சற்றுப் பேசிக்கொண்டிருப்பது பலன் தரும். சாப்பிட்டு முடித்ததும் தெருவில் பத்து நிமிஷம் நடந்தாலும் போதும்; ஏறிய சர்க்கரையைத் தசை எடுத்துக்கொள்ளும்.

இனிப்பை வெறும் வயிற்றில் டீயோடு தின்பதைவிடச் சாப்பாட்டின் முடிவில் தின்பது மேல். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சேர்க்கும் சர்க்கரையை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. 25 கிராம் என்பது ஆறு டீஸ்பூன். பாகில் புரட்டிய கலகலாவும் சர்க்கரை போட்ட நாலு டீயும் அதை மதியத்துக்குள் முடித்துவிடும். டீயில் சர்க்கரையை விட்டுவிட்டு அந்தப் பங்கைப் பலகாரத்துக்குக் கொடுத்துவிடலாம்.

கேரல் குழுவுக்கு எதைக் கொடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உண்டு. டி.எம்.வி. என்ற எழுத்தோடு நாடு முழுவதும் விதைத்த வேர்க்கடலை ரகங்கள் இந்த ஊரின் பெயரைத் தாங்கியவை. உப்புப் போட்டு அவித்த மல்லாட்டையை (வேர்க்கடலையை) ஒரு தாம்பாளத்தில் வைத்தால் பாடிக் களைத்த பிள்ளைகள் கேக்கைவிட அதைத்தான் முதலில் எடுப்பார்கள். புரதம் இருப்பதால் பசி தாங்கும். சர்க்கரையை வேகமாக ஏற்றாது. ஒரே இரவில் பல வீடுகளில் கேக் தின்னும் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் உதவி அது.

வேண்டாம் என்று சொல்லும் விதம்

விருந்தோம்பல்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். "சாப்பிடாமப் போனா நான் கோவிச்சுக்குவேன் தம்பி" என்று சொல்கிற அக்காவிடம் கலோரிக் கணக்கு பேச முடியாது. பேசவும் கூடாது. அவர் கொடுப்பது அன்பு. வேண்டாம் என்று கையை ஆட்டினால் புண்படுவார். தட்டில் எடுத்துக் கொடுப்பதற்கு முன்பே "அக்கா, அந்த அச்சு முறுக்கு மட்டும் ஒண்ணு குடுங்க, அது உங்க வீட்டுலதான் நல்லா இருக்கும்" என்று கேட்டு வாங்குவது நல்ல வழி. கேட்டு வாங்கியதால் அவருக்குச் சந்தோஷம். ஒன்றோடு முடிந்ததால் நமக்கு நிம்மதி. சர்க்கரை இருப்பதை மறைக்காமல் சொல்வதும் பயன்படும். இந்தப் பக்கத்தில் சர்க்கரைக்காரர் இல்லாத வீடு குறைவு, சொன்னால் புரிந்துகொள்வார்கள். அதே போல நாமும் பிறரை "ஒண்ணே ஒண்ணு" என்று வற்புறுத்துவதை நிறுத்த வேண்டும். வேண்டாம் என்று சொன்ன பெரியவரிடம் ஒரு டம்ளர் மோரை நீட்டுவதும் உபசாரம்தான்.

சிலருக்குச் சாப்பாட்டோடு நடக்கும் போராட்டம் இதைவிட ஆழமானது. ஒளிந்து ஒளிந்து அளவில்லாமல் தின்பதும், தின்ற பிறகு வெட்கத்தில் வாந்தி எடுப்பதும், நாள் கணக்கில் பட்டினி கிடப்பதும் சிகிச்சை தேவைப்படுகிற நிலைகள். அவர்களுக்கு மேலே சொன்ன குறிப்புகள் போதாது. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தயங்காமல் போய்ப் பேசலாம்.

26ஆம் தேதிக்குப் பிறகு

கேடு பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. விருந்தினர் போன பிறகு மேசை மேல் நாலு டப்பா மிஞ்சியிருக்கும். பள்ளி விடுமுறை, மழை, எல்லோரும் வீட்டில். அந்த டப்பாக்கள் மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை திறந்து திறந்து மூடப்படும். அதற்குள் புத்தாண்டுக் கேக் வந்து சேரும். அடுத்த வாரம் பொங்கல்.

கண்ணில் படுவதைத்தான் கை எடுக்கும். 26ஆம் தேதி காலையிலேயே மீதத்தைப் பிரித்துவிடுங்கள். தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பிய வீடுகள், ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்பிய வீடுகள், தெருவைப் பெருக்குகிற தூய்மைப் பணியாளர்கள் என்று கொடுக்க ஆள் உண்டு. ருசி கெடுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும்; மிச்சம் என்ற நினைப்பு கொடுப்பதில் இருக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு சிறிய டப்பா போதும். அதுவும் உள்ளே இருப்பது தெரியாத பாத்திரத்தில், மேல் தட்டில். இதே வாரத்தில் கேழ்வரகுக் கூழையும் கம்பஞ்சோற்றையும் கீரையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். மார்கழி–தையில் பனங்கிழங்கு சந்தைக்கு வந்துவிடும். மாலையில் நார்ச்சத்து நிறைந்த ஒரு கிழங்கை அவித்து உரித்துத் தின்ன நேரமும் ஆகும், வயிறும் நிறையும்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் முன்னால் நகர்த்தலாம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே மேல்சித்தாமூரில் சமண மடம் இருக்கிறது. இந்தப் பகுதியில் வாழும் தமிழ்ச் சமணர்கள் சூரியன் மறையுமுன் உண்டு முடிப்பதைச் சமய ஒழுக்கமாகக் காத்துவருகிறார்கள். இருட்டிய பிறகு சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேரக் கூடாது என்பது அவர்கள் நோக்கம். உடலியலும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. ஒரே அளவு சாப்பாடு காலையில் ஏற்றும் சர்க்கரையைவிட இரவில் அதிகமாக ஏற்றும், ஏனென்றால் இரவில் இன்சுலின் மந்தமாக வேலை செய்கிறது. விடுமுறை வாரத்தில் பத்து மணிப் பிரியாணியை ஏழு மணிக்குக் கொண்டுவந்தாலே உடம்பு வித்தியாசம் காட்டும்.

ரத்தப் பரிசோதனைக்கு ஒரு குறிப்பு. டென்மார்க்கில் கோபன்ஹேகனைச் சேர்ந்த 25,764 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு எடுத்த எல்.டி.எல். கொழுப்பு கோடைக்கால அளவைவிட 20 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆகவே ஜனவரி முதல் வாரத்தில் கொழுப்பு திடீரென்று கூடித் தெரிந்தால் பயந்துவிடாமல், நாலைந்து வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்த்த பிறகு மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ1சி. வேறு வகை. அதைப் பிப்ரவரியில் எடுத்தால் கேரல் இரவுகளும் பொங்கலும் அதில் வந்துவிடும். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பண்டிகை வாரத்தில் மாத்திரை தீர்ந்து நின்றுவிடாமல் இருக்க, டிசம்பர் 20க்கு முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.